மதினி பேரில் போன வேலை

சங்கரன்கோவிலில் நான் வேலைக்குப் போன ஜின் பேக்டரியில் ஆளுக்கு மதிப்புக் கிடையாது, பேருக்குத்தான் மதிப்பு. மாசி பிறந்தால் கரிசல் காட்டுப் பருத்தி வண்டி வண்டியாக வந்து இறங்கும். அதில் காய்ந்த இலையையும் கறைபட்ட பருத்தியையும் பொறுக்கிப் பிரித்து, எந்திரத்தில் கொட்டை நீக்கி, பொதியாகக் கட்டி லாரியில் ஏற்றும்வரை நிறையக் கை வேண்டும். ஆனி கடைசியில் பருத்தி தீர்ந்ததும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் அடுத்த மாசிதான். மறுபடி கேட்டைத் திறக்கும்போது மேஸ்திரி போன வருசத்துப் பேர்களைத்தான் முதலில் கூப்பிடுவார். அந்தப் பேர்களுக்கெல்லாம் ஆள் வந்து நின்ற பிறகு மிச்சம் இருந்தால்தான் புது ஆள். ஒரு சீசன் வராமல் விட்டால் பேர் போச்சு.

அதனால் எந்த வீட்டிலும் பேரைச் சும்மா விட மாட்டார்கள். ஒருத்தி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தால் அவள் பேரில் அவள் தங்கச்சி போவாள். ஒருத்திக்கு மஞ்சக்காமாலை என்றால் அவள் மகள் போவாள். மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும். "பருத்தி பொறுக்கக் கை வந்தாச் சரி, மூஞ்சியை வச்சி நான் என்ன செய்ய?" என்பார். வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒரு பேர். இதை நாங்கள் ஒருநாளும் ஏமாற்று என்று நினைத்ததில்லை. இப்போதும் நான் அப்படி நினைக்கவில்லை, யார் என்ன சொன்னாலும் சரி.

எங்கள் ஊர் பனவடலிசத்திரத்துக்குப் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது நான் சின்னப் பிள்ளை. அண்ணன்தான் என்னை வளர்த்தான். எனக்குத் தலைவாரிப் பின்னிவிடக்கூட அவனே கற்றுக்கொண்டான், ஒரு பக்கம் எப்போதும் கோணலாக இருக்கும். மதினி வந்த பிறகுதான் என் சடை நேரானது. எங்களுக்கு வானம் பார்த்த நிலம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் முள்ளு. நிச்சயமாக வருகிற வருமானம் என்று வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஜின் பேக்டரியில் மதினிக்கு இருந்த பேர்.

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருசம் இருக்கும். அந்த மாசியில் மதினி நிறைமாதம். "ஏட்டி, என் பேருல நீ போயிட்டு வா. அடுத்த வருசம் நான் போய்க்கிடுவேன்" என்றாள். நான் பத்தாவது பெயிலாகி வீட்டில் உட்கார்ந்திருந்தவள். சந்தோசமாகக் கிளம்பினேன். முதல் நாள் அண்ணனே என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் "தங்கச்சி, பாத்து எறக்கிவிடும் வே" என்று சொன்னான்.

உள்ளே போனால் பஞ்சுத் தூசி. மூக்கு, காது, கண் இமை எல்லாவற்றிலும் போய் ஒட்டும். அதனால் எல்லாப் பெண்களும் ஒரு துண்டைத் தலையோடு சேர்த்துக் கழுத்துவரை சுற்றிக்கொள்வோம். கண் மட்டும்தான் வெளியே தெரியும். யார் பேரில் யார் வந்திருக்கிறார்கள் என்று எங்களுக்குள் தெரியும், வெளியே யாருக்கும் தெரியாது. மதினி பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் முதலில் எனக்குத் திரும்பவே தோன்றாது. பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிறவள் இடுப்பில் ஒரு குத்துவிட்டு, "ஏட்டி, ஒன்னத்தான்" என்பாள். அவளே அவளுடைய தங்கச்சி பேரில் வந்தவள். புருசனை இழந்தவள், வாய் மட்டும் ஊர் கொள்ளாது. அவளோடு சிரித்துச் சிரித்தே எனக்குப் பாதி நாள் போகும். போகப் போக மதினி பேர் எனக்குப் பழகிவிட்டது. பங்குனியில் மதினிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. நான் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தேன்.

முதலாளிக்குத்தான் சந்தேகம் வந்தது. "கூலி ஏறிக்கிட்டே போவுது, பொதி ஏறக் காணோமே" என்று மேஸ்திரியிடம் எல்லார் முன்னாலும் கேட்டார். இல்லாத ஆளுக்குப் பேர் எழுதி மேஸ்திரி கூலியை அமுக்குகிறார் என்று அவருக்கு யாரோ ஓதியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க மதுரையிலிருந்து ஒரு ஆடிட்டரை வரவழைத்தார்.

ஆடிட்டர் ஒல்லியான மனிதர். கண்ணாடி போட்டிருந்தார். தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமிக்கொண்டே இருந்தார். எங்களுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அவர் வந்த சனிக்கிழமை கூலி நாள். வழக்கமாக மேஸ்திரி பேரைக் கூப்பிடுவார், நாங்கள் போய் வாங்கிக்கொண்டு கைநாட்டு வைப்போம். அன்றைக்கு மேஸ்திரியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஆடிட்டரே மேஜையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பேருக்கும் உயிரோடு ஒரு ஆள் இருக்கிறதா என்று நேரில் பார்ப்பதுதான் அவர் வேலை. ஆளைக் கூப்பிடுவார், பேரைக் கேட்பார், பட்டியலில் உள்ளதோடு சரி பார்த்துவிட்டுத்தான் கூலி.

எங்கள் பக்கம் பாதிப் பெண்களுக்குக் கோயில் அம்மன் பேர்தான். ஒரே பேரில் பத்துப் பேர் இருப்பார்கள். அதனால் பட்டியலில் ஆளைப் பிரிக்க, பேருக்குப் பக்கத்தில் புருசன் பேரையும் எழுதி வைத்திருந்தார்கள். ஆடிட்டர் அதையும் கேட்டார். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் ஊர்ப் பெண்கள் புருசன் பேரைச் சொல்ல மாட்டார்கள். அடித்தாலும் சொல்ல மாட்டார்கள். அதற்கெல்லாம் பக்கத்தில் இருக்கிறவர்தான் சொல்ல வேண்டும். வரிசையில் முதலில் நின்றவளிடம் "புருசன் பேர் என்னம்மா?" என்றதும் அவள் துண்டுக்குள்ளேயே சிரித்து, பின்னால் இருந்தவளைப் பார்த்தாள். பின்னால் இருந்தவள் அந்தப் பேரைக் கத்திச் சொன்னாள். ஆடிட்டர் மேஜையைத் தட்டினார்.

"அடுத்தவங்க சொல்லக் கூடாது. அவங்கவங்க வாயால அவங்கவங்க சொல்லணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒருத்திக்கு இன்னொருத்தி சாட்சி என்றால் சோதனை எதற்கு? ஆனால் அவள் தரையைப் பார்த்தாள். கடைசியில் மெதுவாகச் சொன்னாள், "திருச்செந்தூர்ல வேலப் பிடிச்சிக்கிட்டு நிக்காருல்லா, அவுக பேருதான் சார்." ஆடிட்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதிக்கொண்டார். அடுத்தவள் விரலால் காற்றில் எழுதிக் காட்டினாள். அதற்கடுத்தவள், "நம்ம கோயில்ல சாமி பாதி பாதியா நிக்காருல்லா, அதுல நீலப் பாதி" என்றாள். எல்லாரும் சிரித்தோம். ஆடிட்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். அவரும் சிரித்தார்.

வரிசை நகர நகர எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அப்போதுதான் உறைத்தது. மதினி பேருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என் அண்ணன் பேர். என்னிடம் புருசன் பேர் என்ன என்று கேட்பார். நான் என் அண்ணன் பேரைச் சொல்ல வேண்டும்.

வரிசையை விட்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஓடினால் மதினி பேருக்கு ஆள் இல்லை என்று அடித்துவிடுவார். வீட்டில் பச்சைப் பிள்ளைக்காரி இருக்கிறாள். அந்த வருசம் சோளமும் வரவில்லை. அந்தப் பேர் போனால் எங்களுக்கு ஒன்றும் இல்லை. சரி, சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிச் சொல்ல? எனக்கு முன்னால் நின்றவர்களெல்லாம் நெளிந்து, சிணுங்கி, துண்டைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். நானும் அப்படி நெளிய வேண்டியதுதான். அதுதான் என்னால் முடியவில்லை. அந்த நெளிவு கட்டினவளின் வெட்கம் அல்லவா? தலைவாரிப் பின்னி வளர்த்த அண்ணனை நினைத்து அந்த வெட்கத்தை என் உடம்பில் எப்படி வரவழைப்பேன்? நினைத்தாலே கூசியது. வெறும் பேராக, ஒரு ஊர் பேரைச் சொல்வது மாதிரி, சட்டென்று சொல்லி முடித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

என் முறை வந்தது.

"பேர்?"

மதினி பேரைச் சொன்னேன்.

"புருசன் பேர்?"

அண்ணன் பேரைச் சொன்னேன். அவர் வாய் மூடுவதற்குள் பட்டென்று சொல்லிவிட்டேன்.

ஆடிட்டர் தலையை நிமிர்த்தினார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "சபாஷ்! பாத்தீங்களா எல்லாரும்? இந்தப் பொண்ணு எவ்வளவு தெளிவா சொல்லுது. இதுல என்ன இருக்கு? இப்படிச் சொன்னா எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்ல?"

பாவம், அவர் பட்டணத்து மனிதர். ஆனால் முதலாளி காது குடைவதை நிறுத்திவிட்டார். அவர் எங்கள் பக்கத்துக்காரர். அவர் வீட்டு அம்மா இத்தனை வருசத்தில் ஒரு தடவையாவது அவர் பேரைச் சொல்லியிருப்பாளா?

"ஏட்டி, இங்கன பாரு" என்றார்.

பார்த்தேன்.

"துண்டை எடு."

நான் எடுக்கவில்லை. மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை சத்தமாக. எடுத்தேன். கழுத்தில் ஒரு பாசிமணி மட்டும் கிடந்தது. அத்தனை பேரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். பொதி கட்டுகிற ஆம்பிளைகளும் கூலி வாங்க வந்து சுவரோரம் நின்றிருந்தார்கள், அவர்களும் பார்த்தார்கள். துணி அவிழ்ந்து நிற்கிற மாதிரி எனக்கு ஆகிவிட்டது.

"நீ இப்பச் சொன்னியே ஒரு பேரு, அது ஒனக்கு யாரு?"

வேறு என்ன சொல்ல முடியும்? "எங்க அண்ணன்" என்றேன்.

சுவரோரத்திலிருந்து ஒருத்தன் சத்தமாகச் சொன்னான். "அடப் பாவி, அண்ணனையே கட்டிக்கிட்டாளாம்லே!"

இடமே சிரித்தது. பெண்களும்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அப்படி ஒரு வார்த்தை விழுந்தால் யாருக்கும் சிரிப்பு முந்திக்கொண்டு வந்துவிடும். எனக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் பல்லாகத் தெரிந்தது. ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்க்காமலே சொன்னார். "இந்தக் கூலி இப்போ குடுக்க வேண்டாம். பேருக்குரியவங்களைத் திங்கக்கிழமை நேர்ல வரச் சொல்லுங்க."

பஸ் ஸ்டாண்டில் அந்தப் புருசனை இழந்தவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் கூலி இருந்தது. "ஒனக்கு என்ன கேடு வந்துச்சி? தாலியறுத்தவ நானே எந்தங்கச்சி மாப்பிள்ளை பேருக்குத் துண்டக் கடிச்சிக்கிட்டு நெளிஞ்சிட்டு வந்துட்டேன். நீ செத்த நெளிஞ்சா என்னட்டி?"

"அண்ணன் பேருக்கு நெளியச் சொல்லுதியா?" என்று கத்திவிட்டேன்.

அவள், "அதுவும் சரிதான்" என்று சொல்லி என் கையில் ஒரு பொட்டலம் காராச்சேவைத் திணித்தாள். நான் அதைத் திருப்பி அவள் மடியிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் முற்றத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான், கேட்டுக்கொண்டுதான் இருந்தான். சுவரோரத்தில் நின்றவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டுத்தான் சொன்னேன். மதினி, "போவுது விடு, நான் வந்து சொல்லுதேன்" என்றாள். ஆனால் நான் விட்ட வார்த்தையை வேறு ஆள் கொண்டு வந்துவிட்டான். எங்கள் ஊர் வண்டிக்காரர்கள்தானே பேக்டரிக்குப் பருத்தி ஏற்றிப் போகிறவர்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடைக்குப் போன அண்ணன் போன வேகத்தில் திரும்பி வந்தான். சட்டையில் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. யாரையோ அடித்திருக்கிறான், அல்லது அடி வாங்கியிருக்கிறான். யார், என்ன என்று அவன் சொல்லவில்லை. அன்று முழுக்க அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உடம்பு இன்னும் தேறவில்லை, பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியாமல் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் கூடப் போனேன். முதலாளி அறையில் ஆடிட்டரும் மேஸ்திரியும் இருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. பொதி ஆம்பிளைகள் இரண்டு மூன்று பேர் ஏதோ வேலை இருக்கிற மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆடிட்டர் மதினியிடம் பேர் கேட்டார். சொன்னாள். புருசன் பேர் கேட்டார். மதினி பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டு நின்றாள். மறுபடியும் கேட்டார். அவள் உதட்டைக்கூட அசைக்கவில்லை.

"விடுங்க சார், இவதான் பொண்டாட்டி" என்றார் முதலாளி. எனக்கு அந்த நிலையிலும் ஆத்திரமாக வந்தது. சொன்னவள் பொய்க்காரி, சொல்லாதவள் நிசக்காரியாம்.

அப்புறம் ஆடிட்டர் நிதானமாக விளக்கினார். அவர் குரலில் கோபமே இல்லை. பட்டியலில் பேர் இருக்கிறவள் வேலை செய்யவில்லை, அதனால் அவளுக்குக் கூலி கொடுக்க முடியாது. வேலை செய்தவளுக்குப் பட்டியலில் பேர் இல்லை, அதனால் அவளுக்கும் கொடுக்க முடியாது. "கணக்குல இதுக்கு வழியே இல்லம்மா" என்றார். நான் குனிந்து உட்கார்ந்து பொறுக்கிய பருத்தியெல்லாம் எந்தக் கணக்கில் போனது என்று கேட்க வாய் துடித்தது. நாக்கை மடக்கிக்கொண்டேன். கூலி போனாலும் போகட்டும், பேர் பிழைக்க வேண்டும்.

"பேரு?" என்று மதினியே கேட்டாள்.

"அதுதான் நான் எழுதணும்" என்றார் ஆடிட்டர். "நீங்க தெரிஞ்சே அனுப்பினீங்களா, இல்ல இந்தப் பொண்ணு உங்களுக்குத் தெரியாம வந்ததா? தெரிஞ்சு அனுப்பினா பேரை எடுத்துடணும். ஆள் மாத்தினதுக்கு மேஸ்திரியும் பதில் சொல்லணும்."

மேஸ்திரி உடனே பாய்ந்தார். "எனக்கு என்ன சார் தெரியும்? மூஞ்சிய மூடிக்கிட்டு வருதுக. பேரக் கூப்பிட்டேன், வந்தா. யாரைப் போய்த் துண்டை அவுத்துப் பாக்க?" மதினி பேரில் நான் வருவேன் என்று மாசியிலேயே அண்ணன் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான்.

முதலாளி மதினியைப் பார்த்தார். "சொல்லும்மா. நீ அனுப்புனியா, இவளா வந்தாளா?" எந்தப் பதில் எல்லாருக்கும் சௌகரியம் என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

மதினி என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வை. பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் தலையை ஆட்டினேன். சொல்லு, என்னை என்ன செய்துவிடப் போகிறார்கள், பேர் உனக்கு நிற்கட்டும் என்றுதான் ஆட்டினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று ஒரு பெருமைகூட இருந்தது.

"அவளாத்தான் வந்தா" என்றாள் மதினி.

வாசலில் நின்ற ஒருத்தன் தொண்டையைக் கனைத்தான். இன்னொருத்தன் அவனைப் பார்த்துச் சிரித்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சனிக்கிழமை நான் அண்ணனைப் புருசன் என்று சொன்னேன். இன்றைக்கு மதினி, நான் அனுப்பவில்லை, இவளாகத்தான் வந்தாள் என்கிறாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்கு நான் யார்? மதினி பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறபோது அவள் பேரையும் புருசனையும் தனக்கென்று எடுத்துக்கொண்டு வந்த ஒருத்தி. ஐயோ என்று கத்த வேண்டும் போல் இருந்தது. இல்லை, அவள்தான் அனுப்பினாள், அண்ணன்தான் பஸ் ஏற்றிவிட்டான் என்று சொன்னால் அந்த நிமிசமே என் மேல் உள்ள அழுக்கு போய்விடும். பேரும் போய்விடும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆடிட்டர் எழுதினார். இரண்டு வரிதான் இருக்கும்.

பேர் மதினிக்கு நின்றது. நான் இனிமேல் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பேருதான் இருக்குல்லா, விடு" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளே அவள்மேல் அவ்வளவு கோபம். நான் தலையாட்டினால் நீ சொல்லிவிடுவதா, வேறு வழி தேட மாட்டாயா என்று. அந்தப் பச்சைப் பிள்ளையைக்கூடச் சில நாள் நான் தூக்கவில்லை. அழுதால் அழட்டும் என்று விட்டேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. மற்றதற்கெல்லாம் யார் காரணம் என்று யோசிக்கலாம். பிள்ளை என்ன பாவம் செய்தது?

தப்பு செய்தவர்களுக்குத்தான் வெட்கம் வரும் என்று சொல்கிறவர்கள் எங்கள் வீட்டில் வந்து ஒரு வாரம் இருந்து பார்த்திருக்க வேண்டும். அண்ணனுக்கு எல்லாம் தெரியும். என்ன நடந்தது, யார் அனுப்பினார்கள், ஏன் சொன்னேன் எல்லாம் தெரியும். என்மேல் அவனுக்குத் துளி கோபமும் இல்லை. ஆனாலும் நான் அறைக்குள் வந்தால் அவன் எழுந்து முற்றத்துக்குப் போவான். தண்ணீர் கொண்டுபோனால், "அங்கன வச்சிட்டுப் போ" என்பான். மதினி அவள் பிறந்த ஊருக்குப் போகிற நாளில் அவனும் வீட்டில் தங்க மாட்டான், கோயில் மடத்தில் போய்ப் படுத்துக்கொள்வான். ஊர் ஒன்றும் சொல்லக் கூடாது என்று அவன் விலகி விலகிப் போனதில் ஊர் சொன்னதைவிட அதிகம் இருந்தது. ஏன் இப்படி ஒளிகிறாய் என்று அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். கேட்க எனக்கும் கூசியது.

அடுத்த வருசம் மதினி அவள் பேரிலேயே வேலைக்குப் போனாள். அந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம். சாத்தூர்ப் பக்கம் மாப்பிள்ளை. ஜின் பேக்டரிக் கதை போய்ச் சேராத தூரமாகப் பார்த்துப் பிடித்தார்கள். கல்யாணம் எங்கள் ஊரில்தான். அப்பா அம்மா இல்லாத பிள்ளை, அண்ணனும் மதினியும்தான் என் கையைப் பிடித்துத் தாரைவார்த்துக் கொடுக்க வேண்டும். நேரம் வந்ததும் அண்ணனைக் காணோம். சித்தப்பாவும் சித்தியும் வந்து நின்றார்கள். அவனே போய்ச் சொல்லி அவர்களை நிற்க வைத்திருக்கிறான். "அண்ணங்காரன் எங்கய்யா?" என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ கேட்டார்கள். "அடுப்படில நிக்கான், அவன் இல்லாட்டா வேலை ஓடாது" என்றார் சித்தப்பா. முன்வரிசையில் எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? சித்தப்பாவின் கை முரடாக இருந்தது. தண்ணீர் ஊற்றும்போது எனக்கு அழுகை வந்தது. பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று எல்லாரும் தேற்றினார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் பெரியவர்கள் காலில் விழுந்து திருநீறு வாங்கச் சொன்னார்கள். அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இதற்கும் வராமல் இருக்க முடியாதே, வந்தான். வேட்டியெல்லாம் சாம்பார்க் கறை. நான் விழுந்து எழுந்து அவன் முன்னால் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவன் கை திருநீற்றை எடுத்தது. பாதி தூரம் வந்தது. பிறகு மறுபடியும் தட்டிலேயே போட்டுவிட்டு, தட்டை என் பக்கம் நீட்டினான்.

"எடுத்துப் பூசிக்கோம்மா" என்றான்.

நானே எடுத்துப் பூசிக்கொண்டேன்.